பார்ப்பவரின் ஆரா, படுபவரின் ஆரா

ஒற்றைத் தலைவலி என்று வேலூரில் ஏதோ ஒரு நரம்பியல் ஓபியில் போய் உட்காருகிறவரிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "தலைவலி வர்றதுக்கு முன்னாடி ஆரா எதாவது வருமா?" கேட்கப்பட்டவர் ஒரு நொடி விழிப்பார். அவருக்குத் தெரிந்த ஆரா வேறு. காட்பாடியில் படிக்கிற மகன் கைபேசியில் யாரையோ காட்டி "செம ஆரா" என்பான். பொருட்காட்சியில் ஒரு கடையில் கையை ஒரு தகட்டில் வைக்கச் சொல்லி, ஆளைச் சுற்றி ஊதாவும் மஞ்சளுமாகப் புகை படிந்த படம் எடுத்துக் கொடுப்பார்கள். காலண்டரில் சாமி தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளி இருக்கும். இவற்றில் எதுவும் தனக்குத் தலைவலிக்கு முன்னால் வருவதில்லை என்பதால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்று சொல்லிவிடுவார். சீட்டில் 'ஆரா இல்லாத மைக்ரேன்' என்று பதிவாகிவிடும். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் கூட வந்தவர் கேட்பார்: "கண்ணுல என்னமோ ஜிகுஜிகுன்னு ஓடுதுன்னியே, அத சொன்னியா?"

அந்த ஜிகுஜிகுதான் ஆரா. சொல்லாமல் விட்டதால் வருவது சின்ன இழப்பு இல்லை. ஆராவோடு மைக்ரேன் வரும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கவாத அபாயம் கூடுகிறது. மாதவிடாய் ஒழுங்காக வரட்டும் என்று கொடுக்கப்படும் மாத்திரைகள் சிலவற்றிலும் இதே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. மைக்ரேன் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ஆரா உண்டு. அந்த ஒருவரைப் பிரித்தெடுக்கும் கேள்வி, பொருள் மாறிப்போன ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நோயாளியிடம் இந்தச் சொல்லை நீட்டவே கூடாது என்பது என் கருத்து. தமிழில் வேறு சொல் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல, இந்தச் சொல் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

காற்றில் தொடங்கியது

கிரேக்க மொழியில் ஆரா என்றால் இளங்காற்று. ஒளியும் இல்லை, நிறமும் இல்லை. மருத்துவத்துக்குள் அது வந்தது வலிப்பு வழியாக. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்றில் 13 வயதுப் பையன் ஒருவன் வருகிறான். அவனுக்கு வலிப்பு வருமுன் முழங்காலுக்குக் கீழே ஏதோ தொடங்குகிறது. தொடை வழியாக ஏறி, இடுப்பு, விலா, கழுத்து என்று போய்த் தலையைத் தொடுகிறது. தொட்டதும் அவனுக்கு நினைவு போய்விடுகிறது. ஏறுவது எது என்று கேட்டதற்கு அவனால் சொல்ல முடியவில்லை. இதே போல வலிப்பு வரும் இன்னொரு இளைஞன், தன்னைக் கவனிக்கத் தெரிந்தவன், அது குளிர்ந்த காற்றுப் போல இருக்கிறது என்றான். அந்தக் காற்றுத்தான் ஆரா. நோய்க்குப் பெயர் வைத்தவர் மருத்துவர் என்றாலும், அந்தப் பெயருக்கு உவமை கொடுத்தவன் நோயாளி.

இங்கே ஒரு தமிழ்க் காது நிமிர்ந்து உட்காரும். நமக்கும் வலிப்பு காற்றோடு சேர்ந்ததுதான். "காத்து பட்டிருக்கு", "காத்து சேட்டை", "காத்து கருப்பு" என்று வடாற்காட்டுக் கிராமங்களில் இன்றும் சொல்கிறார்கள். வேப்பிலை அடிப்பதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும், தர்காவில் ஓதி ஊதுவதும் அந்தக் காற்றை இறக்கத்தான். கிரேக்கச் சொல்லுக்கு அகராதிப்படி மிகப் பொருத்தமான தமிழ்ச் சொல் காற்று என்பதே. ஆனால் அதை ஓபியில் பயன்படுத்த முடியாது. "காத்து மாதிரி எதாவது வருதாம்மா?" என்று கேட்டால், கேள்வி மருத்துவத்தை விட்டுப் பேய்க்குப் போய்விடும். தன் பெண்ணுக்குக் காற்று பிடித்ததாக ஊரில் பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில் தாய் வாயை மூடிக்கொள்வாள். கல்யாணமாகாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

காற்று எப்படி ஒளியாயிற்று? அந்த வழியில் பாதி சென்னையைத் தொட்டுப் போகிறது. பிரம்மஞான சபை எனப்படும் தியோசாபிகல் சொசைட்டி 1882இல் அடையாறுக்கு வந்தது. அதன் முன்னணிப் பேச்சாளர்களில் ஒருவரான லெட்பீட்டர், மனித உடலைச் சுற்றி முட்டை வடிவத்தில் நிறங்கள் சூழ்ந்திருப்பதாக 1902இல் வண்ணப்படங்களோடு எழுதினார். கோபத்துக்குச் சிவப்பு, பக்திக்கு நீலம் என்று இன்று கடைக்காரர் ஒப்பிக்கும் பட்டியலின் வேர் அந்தப் படங்களில் இருக்கிறது. 1911இல் லண்டன் மருத்துவர் கில்னர், டைசயனின் என்ற சாயம் ஊற்றிய கண்ணாடி வழியாகப் பார்த்தால் உடலைச் சுற்றிய மங்கல் ஒளி தெரிகிறது என்றார். 1939இல் ரஷ்யாவின் கிராஸ்னோதாரில் கிர்லியான் என்ற மின்பணியாளர், உயர் மின்னழுத்தத் தகட்டின் மேல் படச்சுருளை வைத்து அதன் மேல் விரலை வைத்தபோது விரலைச் சுற்றி நீலக் கதிர்கள் பதிந்தன. அந்தக் கதிர்கள் காற்றில் நடக்கும் மின்கசிவு. விரலின் ஈரம், அழுத்தம், தகட்டின் மின்னழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப மாறும். ஈரமான இலை பளிச்சென்று விழும், வாடிய இலை மங்கும்.

பொருட்காட்சிக் கடையில் இருக்கும் இயந்திரம் இன்னும் எளிது. கை வைக்கும் தகட்டில் உள்ளங்கைத் தோலின் மின்கடத்தலை அது அளக்கிறது. வியர்வை கூடினால் கடத்தல் கூடும். அந்த எண்ணுக்கு முன்பே ஒதுக்கிவைத்த நிறத்தைப் படத்தின் மேல் ஏற்றுகிறது. சோதிக்க விரும்புகிறவர் ஒன்று செய்யலாம். கையை நன்றாகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் 10 நிமிடம் உலரவிட்டு ஒரு படம். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் துடைத்து இன்னொரு படம். பத்து நிமிட இடைவெளியில் ஒருவருடைய குணம் மாறாது, நிறம் மாறும். கைபேசிச் செயலிகளுக்கு அந்தத் தகடுகூடக் கிடையாது. கேமராவில் விழும் சட்டையின் நிறத்தையும் அறையின் வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு அவற்றால் வேறென்ன சொல்ல முடியும்?

களை, திருவாசி, கெத்து

படம் எடுக்கும் இயந்திரம் பொய் என்பதால், மனிதரைச் சுற்றி ஒன்று தெரிகிறது என்ற உணர்வு பொய்யாகிவிடாது. அதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: களை. "முகத்துல களை இல்ல", "கல்யாணக் களை வந்திருச்சு", "தெய்வக் களை", "ராஜகளை", சாவுக்கு முன் "பிணக்களை". ஆங்கிலம் வழியாக வந்த ஆராவைவிட இது நுட்பமானது. வகை பிரித்துச் சொல்கிறது. தேஜஸ் என்பது கொஞ்சம் கோயில் பக்கம் சாய்ந்த சொல். கல்லூரிப் பையன்கள் ஆரா என்னும்போது சொல்வது பெரும்பாலும் கெத்து. ஒருவன் மேடையில் தடுக்கி விழுந்தால் "மைனஸ் ஆயிரம் ஆரா" என்று கணக்கு வேறு போடுகிறார்கள். 2025இல் இந்தோனேசியப் படகுப் போட்டியில், விரைந்து செல்லும் படகின் முனையில் அலட்டிக்கொள்ளாமல் நின்று ஆடிய ஒரு சிறுவனின் காணொளி பரவியதும், அதற்கென்றே 'ஆரா ஃபார்மிங்' என்ற தொடர் வாய்க்கு வாய் ஏறியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொற்கள் இளைஞர் வாயில்தான் வளர்கின்றன.

உலோகத்தில் வார்த்த ஆரா நம்முடையது: திருவாசி. பிரபை என்றும், பிரபாவளி என்றும் சொல்வார்கள். உற்சவ மூர்த்தியின் பீடத்தில் இரு பக்கமும் துளை இருக்கும். தனியாக வார்த்த வளைவின் இரண்டு கால்களும் அதில் செருகி நிற்கும். கால்கள் முடியும் இடத்தில் இருபுறமும் மகர வாய், அதிலிருந்து வளைவு புறப்பட்டு மேலே சேரும் இடத்தில் கீர்த்திமுகம், வெளி விளிம்பு முழுக்கச் சுடர்கள். நடராசருக்கு அது ஏறக்குறைய முழு வட்டம். தலைக்குப் பின்னால் மட்டும் சிறு சக்கரமாக இருப்பது சிரசக்கரம். அது வேறு, திருவாசி வேறு. காலண்டர் ஓவியத்தில் இரண்டும் கலந்து ஒரே மஞ்சள் வட்டமாகிவிட்டன. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் தூண் சிற்பங்களையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். புறப்பாட்டு நாளில் தீபம் காட்டும்போது திருவாசியின் சுடர்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்வது போல ஒளி நகர்வதைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். அதைச் செய்தவர் அந்த அசைவை மனத்தில் வைத்துத்தான் சுடர்களை வெட்டியிருக்க வேண்டும்.

களை, தேஜஸ், கெத்து, திருவாசி, கடைக்காரரின் ஊதா நிறம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. ஆரா ஒருவரிடம் இருக்கும். அதைக் காண்பவர் இன்னொருவர். தன் முகக் களையைத் தானே பார்த்தவர் யாருமில்லை. மருத்துவரின் ஆரா இதற்கு நேர் எதிர். அதைக் காண்பவர் அதற்கு ஆளானவர் மட்டுமே. பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பவருக்கும் எதுவும் தெரியாது. எந்தத் தகட்டிலும் பதியாது. எடுக்கிற ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆளானவர் வாய் திறந்து சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே சொல், பார்வையின் திசை மட்டும் தலைகீழ். ஓபியில் கேள்வி தவறிப்போவது இந்தத் திருப்பத்தில்தான். 'ஆரா இருக்கா' என்றால், மற்றவர் தன்னிடம் காணும் ஒன்றைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நோயாளி எடுத்துக்கொள்கிறார்.

நிலா கட்டும் கோட்டை, கண் கட்டும் கோட்டை

நிலாவைச் சுற்றி வட்டம் போட்டால் நம் பக்கத்தில் "நிலா கோட்டை கட்டியிருக்கு" என்போம். பழைய தமிழில் ஊர்கோள், வடமொழியில் பரிவேடம். "எட்டக் கட்டினா கிட்ட மழை, கிட்டக் கட்டினா எட்ட மழை" என்றும், "அகல் வட்டம் பகல் மழை" என்றும் பழமொழி. இந்தப் பழமொழி இரண்டு வெவ்வேறு வட்டங்களைச் சரியாகவே பிரித்திருக்கிறது. எட்டக் கட்டுவது, 6 கிலோமீட்டருக்கும் மேலே மெல்லிய திரையாகப் பரவும் மேகத்தில் உள்ள அறுகோணப் பனித்துகள்கள் ஒளியை 22 பாகை வளைப்பதால் வருவது. கையை முழுக்க நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவின் மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய அந்த வட்டத்தைத் தொடும். கிட்டக் கட்டுவது மிகச் சிறிய வட்டம், நிலாவை ஒட்டியே இருக்கும். பனித்துகளால் வருவதல்ல, மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. அந்தப் பனித்திரை பல நேரம் வங்கக் கடலில் உருவாகும் மழை அமைப்புக்கு முன்னால் ஓடி வருவதால் ஐப்பசி, கார்த்திகையில் பழமொழி பலிப்பதுண்டு. வெறும் திரையோடு கலைந்துபோகும் நாட்களும் உண்டு.

கோட்டை என்ற இந்தச் சொல்லுக்காகத்தான் நிலாவை இழுத்தேன். மைக்ரேன் ஆராவுக்கும் உலக மருத்துவத்தில் கோட்டை என்றே பெயர். அதன் விளிம்பு கோணல் கோணலாக, கொத்தளங்கள் துருத்திக்கொண்டிருக்கும் கோட்டையின் வரைபடம் போல இருப்பதால் அந்தப் பெயர். 1870இல் ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தனக்கே வரும் ஆராவைப் படிப்படியாக வரைந்து வெளியிட்டார்; நகர மதிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குப் பெயரும் சூட்டினார். வேலூர்க்காரருக்கு இதை விளக்க வேறு படம் வேண்டாம். கோட்டையைச் சுற்றி அகழி ஓரமாக நடந்து பழகியவருக்கு மதில் நேராகப் போகாமல் கொத்தளத்துக்குக் கொத்தளம் வெளியே துருத்தி உள்ளே மடங்குவது தெரியும். மதில் முழுக்கச் சீரியல் விளக்குப் போட்டு அவை மின்னி ஓடுவதாகவும், மதிலுக்கு உட்புறம் எதுவும் தெரியாமல் அழிந்துபோவதாகவும் நினைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய மைக்ரேன் ஆரா.

பெரும்பாலும் அது பார்வையின் நடுவுக்குப் பக்கத்தில் சிறு புள்ளியாகத் தொடங்குகிறது. முதலில் தெரிவது எழுத்து விட்டுப்போவது. பேருந்தின் பெயர்ப்பலகையில் 'ஆற்காடு' என்பதில் பாதி இருக்காது. எதிரில் பேசுகிறவரின் முகத்தில் ஒரு கண் காணாமல் போகும். சில நிமிடங்களில் அந்த இடத்தைச் சுற்றிப் பிறை வடிவத்தில் கோணல் கோடு எழும். கறுப்பும் வெள்ளியுமாக மின்னும். பிறை மெல்ல விரிந்து ஒரு பக்கமாக ஓரத்தை நோக்கிப் போகும். மொத்தம் 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடம்; பலருக்கு 20, 30 நிமிடம். போன பிறகு தலைவலி தொடங்கும். சிலருக்குத் தலைவலியே வராது. கண் ஆட்டத்தோடு முடிந்துவிடும். சிலருக்குக் கண்ணோடு கூட விரல்நுனியில் மதமதப்புத் தொடங்கிக் கை வழியே ஏறி உதட்டுக்கும் நாக்குக்கும் வரும், பேச்சுக் குழறும்.

இந்த மெதுவான நகர்வே இதன் கையொப்பம். 1941இல் லாஷ்லி என்ற உளவியலாளர், தன் ஆரா விரியும் வேகத்தைத் தாளில் குறித்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிட்டார். 1944இல் பிரேசில்காரரான லியாவ், முயல் மூளையின் மேற்பரப்பில் அதே போன்ற வேகத்தில் பரவும் ஒரு மின் அமைதி அலையைக் கண்டார். பச்சை வைக்கோலில் பிடித்த நெருப்புப் போல, விளிம்பில் கொதிப்பு, பின்னால் அணைந்த சாம்பல். கோணல் கோடு அந்த விளிம்பு. உள்ளே தெரியாமல் போன இடம் சாம்பல். ஒருவர் தாளில் குறித்தது ஆய்வுக்கூடத்து மின்முனையோடு ஒத்துப்போயிற்று என்பது இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி.

அதை நீங்களும் செய்யலாம். ஆரா தொடங்கியதும் வண்டியில் இருந்தால் ஓரம் கட்டுங்கள். கைபேசியில் நேரத்தைக் குறியுங்கள். முதலில் ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. மைக்ரேன் ஆரா மூளையில் நடப்பதால் எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டையும் மூடினாலும் மின்னும். "வலது கண்ணுல வருது" என்று சொல்பவர்களில் பலருக்கு அது வலது பக்கப் பார்வையில் வருகிறது, வலது கண்ணில் இல்லை. ஒரே ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் கதை வேறு. அது கண்ணின் அல்லது கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயின் விஷயம். பிறகு ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் புள்ளி வைத்து, ஒரு முழ தூரத்தில் பிடித்து, புள்ளியையே பார்த்துக்கொண்டு கோணல் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் இழுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்து, ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் நேரத்தை எழுதுங்கள். நான்கைந்து பிறைகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விழுந்தால், எந்த மருத்துவருக்கும் அதைவிடத் தெளிவாக விளக்கத் தேவையில்லை.

எதனோடு இது குழம்பும் என்பதும் முக்கியம். "கண்ணுல பூச்சி பறக்குது" என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் மிதக்கும் துகள். கறுப்பாக இருக்கும், கண் போகும் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், விரியாது. திடீரென்று அந்தப் பூச்சிகள் கூட்டமாகக் கூடி, பக்கத்தில் மின்னல் வெட்டி, திரை விழுந்தது போல் இருந்தால் விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெயிலில் எழுந்து நின்றதும் கண் இருட்டி வருவது ரத்த அழுத்தம் சட்டென்று குறைவதால். எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது பக்கவாதம். ஆராவில் ஒன்று முளைத்து, மின்னி, நகரும். பக்கவாதத்தில் சுவிட்சை அணைத்தது போல ஒரே நொடியில் போய்விடும், மின்னாது, பரவாது. வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ, பேச்சுத் திடீரென்று போனாலோ தாள், பென்சில் எல்லாம் வேண்டாம். 108ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. 40, 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் ஆராவையும், ஒரு மணி நேரம் தாண்டியும் போகாத ஆராவையும் 'நமக்குத் தெரிஞ்சதுதானே' என்று விடக் கூடாது.

மாத்திரை பற்றி ஒன்று. மைக்ரேனுக்கென்று கொடுக்கப்படும் டிரிப்டான் வகை மாத்திரையை மின்னல் ஓடும்போதே போட்டால் பலருக்குப் பலன் குறைவு. தலைவலி தொடங்கும் நேரத்தில் போடுவதே வழக்கம். அது தாமதமானாலும் கேட்காது. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான், 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் தலையில் துணி இல்லாமல் போவது, ஆடிக் கிருத்திகைக்குச் சாப்பிடாமல் மலை ஏறுவது, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் ஊருக்குக் கிளம்புவது ஆகியவை பலருக்குத் தூண்டுகோல். நாட்குறிப்பில் ஆராவின் நேரத்தோடு முந்தைய நாள் தூக்கமும் சாப்பாடும் சேர்ந்தால்தான் அது பயன்படும்.

நொடிகளில் முடிவது

கேலனின் பையனுக்கு வந்தது இந்த ஆரா இல்லை. வலிப்பின் ஆரா நொடிகளில் எண்ணக்கூடியது. பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். அடிவயிற்றிலிருந்து பந்து போல ஒன்று நெஞ்சுக்கு ஏறும். இல்லாத நாற்றம் வரும். ரப்பர் எரிந்தது போல, அழுகியது போல. நடப்பது எல்லாம் முன்பே நடந்தது போல் இருக்கும். காரணமில்லாமல் பயம் வரும். பார்வையில் வந்தால் கோணல் மதிலாக இல்லாமல் வண்ண உருண்டைகளாக, ஒரே பக்கத்தில் சுழலும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களில் இருப்பவர்களுக்கு நாற்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. நிஜ நாற்றமே நாள் முழுக்க இருப்பதால் இல்லாத நாற்றத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் "உனக்கு வருதா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தனக்கு மட்டும், அரை நிமிடம், ஒவ்வொரு முறையும் அதே நாற்றம் என்றால் அது ஆராதான்.

இதை 'முன்னறிகுறி' என்று மொழிபெயர்ப்பதோடு எனக்கு உடன்பாடில்லை. மழைக்கு முன் வரும் குளிர்காற்றைப் போல, வலிப்பு இனிமேல்தான் வரப்போகிறது என்று அந்தச் சொல் நினைக்க வைக்கிறது. உண்மையில் ஆரா வலிப்புக்கு முன் வருவதல்ல. அதுவே வலிப்பு, மூளையின் ஒரு சிறு இடத்தில் தொடங்கிவிட்டது. அங்கேயே அடங்கினால் ஆராவோடு முடியும்; பரவினால் கை கால் வெட்டும். மாதம் நான்கு முறை வயிற்றில் பந்து ஏறி அடங்குகிறவர் "ஆறு மாசமா ஃபிட்ஸ் வரல" என்று சொன்னால் அந்தக் கணக்குத் தப்பு. மாத்திரை அளவும், வண்டி ஓட்டலாமா என்பதும் அந்தத் தப்புக் கணக்கில் முடிவாகும். மைக்ரேனிலும் முன்னறிகுறி வேறு, ஆரா வேறு. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு வேண்டும் போல் இருப்பது போன்றவை பல மணி நேரம் முன்பே வரும், அவைதான் முன்னறிகுறி.

எந்த உணர்வு முதலில் வருகிறது என்பது, மூளையின் எந்த இடம் என்று காட்டும் விரல். வேலூர் மாவட்டத்தில் இதற்குக் கூடுதல் பொருள் இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கிய சிஎம்சியிலிருந்து பின்னாளில் வந்த ஆய்வுகள், இந்த மாவட்டத்தில் வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டியே காரணம் என்று காட்டின. பன்றிக்கறி தொடாதவருக்கும் அது வரும். புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக வருகின்றன. ஒற்றைக் கட்டியாக இருப்பதைப் புற்றுக்கட்டி, காசநோய்க் கட்டியிலிருந்து பிரித்தறியும் அடையாளங்களை ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகிய மருத்துவர்கள் இங்கிருந்தே வகுத்தார்கள். 20 மில்லிமீட்டருக்குள் இருக்கும் அந்தக் கட்டிகளில் பல சில மாதங்களில் தானே சுருங்கிவிடுகின்றன. காத்து என்று வருடக்கணக்கில் கயிறு கட்டப்பட்ட ஒன்று, மாத்திரையோடு காத்திருந்தால் மறையக்கூடியதாக இருக்கலாம்.

ஆரா கொடுக்கும் அந்த அரை நிமிடத்தைப் பயன்படுத்தவும் பழக வேண்டும். அடுப்படியில் இருந்தால் பர்னரை அணைக்கக் கை நீட்டக் கூடாது. பின்னால் நகர்ந்து தரையில் உட்கார வேண்டும். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவர் முதலில் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும், பிறகு கையை. கிணற்று மேடு, மாடிப்படி, பைக் எதிலிருந்தும் இறங்கிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே வார்த்தை, "வருது". அவர் செய்ய வேண்டியது: நேரம் பார்ப்பது, கீழே விழுந்தால் தலைக்கடியில் துணி மடித்து வைப்பது, வெட்டு நின்றதும் இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பது, முடிந்தால் கைபேசியில் படம் எடுப்பது. சாவிக்கொத்து, இரும்புக் கம்பி எதையும் கையில் திணிக்க வேண்டாம். வாயில் கரண்டி, தண்ணீர், வெங்காயம் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108.

கேட்கிற விதம்

தமிழில் இதைச் சொல்பவர்கள் பெயர்ச்சொல்லில் சொல்வதில்லை, வினைச்சொல்லில் சொல்கிறார்கள். ஓடுது, ஏறுது, மின்னுது, மறையுது, இழுக்குது, மதமதங்குது, குமட்டுது. எனவே கேள்வியும் வினையில் இருக்க வேண்டும். "தலைவலிக்கு முன்னாடி கண்ணு எப்பவாவது ஒரு மாதிரி பண்ணுதாம்மா? எழுத்து பாதி மறையுதா? எதாவது மின்னுதா? அது அங்கியே நிக்குதா, நகருதா? சோறு வடிக்கிற நேரம் இருக்குமா, இல்ல கண்ணு சிமிட்டுற நேரத்துல போயிடுதா?" வலிப்புக்கு: "விழறதுக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரியும்ப்பா? உடம்புல எங்க ஆரம்பிக்குது? கையால தொட்டுக் காட்டு." இந்தக் கடைசிக் கேள்விக்கு வாய் பதில் சொல்லாவிட்டாலும் கை சொல்லிவிடும். நெஞ்சுக்குழியில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கித் தடவுகிறவர்களை எந்த ஓபியிலும் பார்க்கலாம். "எப்பவாவது இது மட்டும் வந்து, விழாம போயிருக்கா?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெண் பிள்ளையை மாமியாருக்கும் கணவருக்கும் முன்னால் இதைக் கேட்காமல், ஐந்து நிமிடம் அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

நோயாளியும் காத்திருக்க வேண்டியதில்லை. டாக்டர் 'ஆரா' என்ற சொல்லை எடுத்ததும் 'இல்லை' என்று முடிக்காமல், பையிலிருந்து பிறைகள் வரைந்த தாளை எடுத்து மேசை மேல் வைத்து, "இதுவா பாருங்க டாக்டர்" என்று கேட்டால் போதும்.